காலண்டருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் ஒரு வீட்டுத் தரகர். பெயர் சங்கரலிங்கம். முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் நானே யோசித்து எழுதியதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், எனக்கும் அந்த நினைப்பு பிடித்துப்போய்விடும்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து ஊர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். ஒரு கதவைத் திறந்து மூடினார். சமையலறைக் குழாயைத் திருகினார். அது இருமியது.

"வூடு நல்ல வூடுதான் மேடம்" என்றார். "ஆனா வாங்க வர்றவங்க வூட்ட பாக்க மாட்டாங்க, ரிப்பேரத்தான் பாப்பாங்க. மொதல்ல அத முடிச்சுக் குடுங்க. அப்பறம் பார்ட்டிய கூட்டிகினு வர்றேன்."

நல்ல வசனம், எங்காவது பயன்படும் என்று நினைத்துக்கொண்டேன். எழுதுகிறவளுக்கு இது ஒரு வியாதி. சொந்த வீட்டின் பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறிக் காரை பெயர்ந்து கிடக்கிறது, நான் தரகரின் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

என் பெயர் மணிமொழி. அப்பா தனகோட்டி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை பார்த்தவர். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அம்மா மாணிக்கம்மாள் போன ஆவணியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து தாம்பரத்தில் என்னோடு இருக்கிறாள். நான் ஒரே பிள்ளை. வீட்டை விற்கச் சொன்னதும் அம்மாதான். "பூட்டிப்போட்ட வூட்டுல பல்லிதான் குடும்பம் நடத்தும். வித்துடு" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

"பனி விலகாத அதிகாலையில் பேருந்து ஆர்ச் கேட் அருகே நின்றபோது அவள் மனம்—"

நான் போனது சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. தவிர, பேருந்து அங்கே நிற்கவில்லை, தள்ளி நிறுத்தினான். என் மனம் அந்த நேரத்தில் பையின் அறுந்த வாரைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

"வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும் அல்ல."

எங்கள் வீடு செங்கல்லும் சிமெண்டும்தான். அதனால்தான் ஓதம் ஏறியிருக்கிறது.

"தனகோட்டியும் பாக்கியசாமியும் சேர்ந்து ஒரு தவறு செய்தார்கள்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தனகோட்டியும் பாக்கியசாமியும் சேர்ந்து ஒரு தவறு செய்தார்கள். சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

[குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். போகமாட்டீர்கள் என்று தெரியும். நாலு பேர் சேர்ந்தால் எந்த பிளாக், எந்த ஸ்கூல் என்றுதானே ஆரம்பிப்பீர்கள்.]

பத்தொன்பதாம் பிளாக்கில் எங்களுடையது இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் தெர்மல் மின்நிலையத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த பாக்கியசாமி மாமா, சகாயம்மாள் அத்தை, அவர்கள் பிள்ளைகள் சைமன்ராஜும் வினோலியாவும். சுவர் கம்பெனியுடையது, கூரையும் கம்பெனியுடையது. கொல்லையில் நிற்கிற முருங்கை மட்டும் நம்முடையது, அதுவும் காலி செய்கிற நாள்வரைக்கும். குழாய் ஒழுகினால் கம்ப்ளைன்ட் எழுதிவைத்துவிட்டு வரவேண்டும். அன்றைக்கோ அடுத்த வாரமோ ஆள் வருவார். வாழ்நாள் முழுக்க ராட்சச இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்ற என் அப்பா, வீட்டில் ஒரு ஸ்பேனரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்று இந்தச் சொந்த வீட்டுக்கு வந்தபிறகு முதன்முதலாகக் குழாய் ஒழுகியது. அப்பா சட்டையை மாட்டினார். சைக்கிளை வெளியே எடுத்தார். "கம்ப்ளைன்ட் எழுதிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பிப் போனார். அம்மா தடுக்கவில்லை. எதுவரைக்கும் போகிறார் பார்க்கலாம் என்று வாசலில் நின்றாள். தெருமுனைவரை போனவர் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடையில் மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு, அதற்குத்தான் போனவர்போலத் திரும்பி வந்தார். அன்று முழுக்க அந்தப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

தவற்றுக்கு வருகிறேன். அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கினார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரே மேஸ்திரியைப் பிடித்தார்கள். "குவார்ட்டர்ஸ் எப்படியோ அப்படியே" என்றார்கள். கதவுக்கு அதே பச்சை. சமையல் மேடைக்கு அதே உயரம். காஸ் அடுப்பு வந்து எத்தனையோ காலம் ஆகியும் அதே புகைபோக்கி. போதாததற்கு அப்பா வெளிச்சுவரில் வெள்ளைக் கட்டம் போட்டு அதற்குள் பழைய குவார்ட்டர்ஸ் நம்பரைக் கறுப்பில் எழுதச்சொன்னார். தபால்காரர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிவார்.

மேஸ்திரி ஒரு கேள்வி கேட்டாராம். "நடுச்செவுரு யாருதுங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை. சுவர் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும் என்று அவர்கள் அதுவரை நினைத்ததே இல்லை.

"பொதுவுதான்" என்றார் அப்பா.

"நாளைக்கு விக்கணும்னு வந்தா கஷ்டமுங்க."

"யாரு விக்கப்போறா?" என்றார் மாமா.

[நான்தான்.]

4

அந்தச் சுவரில்தான் பெல் இருக்கிறது. பெல்லைச் சொல்லாமல் கதை நகராது.

அது வந்ததற்கு நான்தான் காரணம் என்பார்கள். அப்பா நைட் ஷிப்டில் இருந்தபோது அம்மாவுக்கு வலி எடுத்திருக்கிறது. எழுந்து நடக்க முடியவில்லை. உலக்கையால் நடுச்சுவரை இடித்திருக்கிறாள். அந்தப் பக்கம் படுத்திருந்த சகாயம் அத்தை, "இந்நேரத்துல என்னாத்துக்கு இவ மாவு இடிக்கிறா" என்று புரண்டு படுத்துவிட்டாள். இடி நிற்கவில்லை என்றதும்தான் எழுந்து வந்திருக்கிறாள். நான் பிரசவ வார்டுவரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பிறந்தேன். இன்றைக்கும் அத்தை அதைச் சொல்லும்போது பாதி சிரிப்பாள், பாதி கண்ணைத் துடைப்பாள்.

பாக்கியசாமி மாமா அந்த வாரமே சுவரில் ஓட்டை போட்டார். எங்கள் பக்கம் ஒரு சுவிட்ச், அதை அழுத்தினால் அவர்கள் வீட்டில் பெல். அவர்கள் பக்கம் ஒரு சுவிட்ச், அதை அழுத்தினால் எங்கள் வீட்டில் பெல். ஒரு தடவை அடித்தால், எழுந்தாயிற்று, நான் நல்லாயிருக்கிறேன். இரண்டு தடவை என்றால், வா. விடாமல் அடித்தால், ஓடி வா. காலையில் ஒரு வீடு ஒரு தடவை அடிக்கும், மற்ற வீடு ஒரு தடவை பதில் அடிக்கும். ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணிகளுக்கு நடுவே எனக்கு அந்தச் சத்தமும் காலையின் ஒரு பாகம். விடிந்தது என்று எனக்குச் சொன்னது சூரியன் அல்ல, அந்த பெல்தான்.

கம்பெனிச் சுவரில் அனுமதி இல்லாமல் ஓட்டை போடக்கூடாது. அதனால் மெயின்டனன்ஸ் ஆட்கள் வரும்போது தெரியாமலிருக்க, எங்கள் சுவிட்சின் மேல் ஒரு முருகன் காலண்டர், அவர்கள் சுவிட்சின் மேல் வேளாங்கண்ணி மாதா காலண்டர். வீட்டைக் காலி செய்தபோது நானும் வினோலியாவும் சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து அந்த ஓட்டையை அடைத்தோம். பார்க்க வந்த அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எங்கள் இருவர் கையிலும் லைஃப்பாய் வாசனை.

சொந்த வீட்டிலும் மாமா அதே பெல்லை வைத்தார். சொந்த வீட்டிலும் அப்பா அதன்மேல் காலண்டர் மாட்டினார். "இப்ப யாருப்பா வந்து பாக்கப்போறாங்க?" என்று கேட்டேன். யோசித்தார். "வந்தா?" என்றார்.

மாமாவும் அப்பாவும் போனபிறகு சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் மட்டும். பெல் நிற்கவில்லை. போன ஆவணியில் ஒருநாள் சகாயம் அத்தை அடித்தாள், பதில் வரவில்லை. மறுபடி அடித்தாள். பிறகு மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அம்மா பாத்ரூம் தரையில் கிடந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொன்னார். அந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை.

5

இப்போது நடந்ததை எழுதவேண்டும். இதை நான் முதல் பிரதியில் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீஷியன்மேல் போட்டு எழுதினேன். பெல் சத்தத்தை அவன் கேட்டான், அவன் பயந்தான் என்று. கோழைத்தனம். கேட்டது நான்தான்.

ரிப்பேர் வேலைகளுக்காகக் கடைசி பஸ்ஸில் வந்திறங்கி, யாருக்கும் சொல்லாமல் கதவைத் திறந்து, கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். விடியும்போது பெல் அடித்தது. எழுந்து வாசலுக்கு ஓடினேன். கேட்டில் யாரும் இல்லை. ஒருவர் டிபன் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் அடித்திருக்கமாட்டார். திரும்பி வந்து படுத்தேன். கண்ணை மூடினேன். பிறகுதான் உறைத்தது.

காலண்டரில் இன்னும் ஆவணி மாதம். அதைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு வட்ட சுவிட்ச். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அழுத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு டம்ளர்* விழுந்து உருண்டது. "யேசுவே!" என்று ஒரு குரல். அப்புறம் அவசர அவசரமாகச் செருப்புச் சத்தம். கேட் திறக்கும் சத்தம்.

"மாணிக்கம்! வந்துட்டியாடி? சொல்லவே இல்லியே! யாரு கூட்டியாந்தாங்க?"

ஈரக் கையோடு, முடியாத கூந்தலோடு, அத்தை வாசலில் நின்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அது எனக்கானது அல்ல. என்னைப் பார்த்ததும் அது அணைந்தது. நல்ல மனுஷி, உடனே எனக்கென்று வேறொரு சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"மொழியா? வா, வா. நீதானா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா பிழைத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை.

"தெனமும் அடிக்கிறீங்களா அத்த?"

"கை தானா போயிடுது."

"பூட்டின வூடுதானே?"

"அது தெரியாதா எனக்கு? நீ பூட்டு போடறப்ப பக்கத்துல நின்னுகினு இருந்தவளே நான்தானே." கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "அடிச்சா, அங்க மணி அடிக்கிற சத்தம் செவுத்துல கேக்குது. பதிலு வராதுன்னு தெரியும். கேட்டா போதும். காலைல எழுந்துட்டேன்னு எங்கியாவது சொல்லணும் இல்ல?"

* டம்ளர் இல்லையாம். இந்தப் பகுதியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "பால் குண்டான்டி அது. அத்தன பாலும் போச்சு. டம்ளர்னு எழுதறா பாரு, பெரிய எழுத்தாளி" என்றாள். திருத்தவில்லை. டம்ளர்தான் நன்றாக உருள்கிறது.

6

ரிப்பேர்கள் நடந்தன. பாத்ரூம் காரையைச் சுரண்டி மறுபூச்சு பூசினார்கள். கேட்டைத் தேய்த்துக் கறுப்படித்தார்கள். பச்சைக் கதவுகள் சந்தன நிறத்துக்கு மாறின. தரகர் சொன்னால் சரி. மாடியில் படிந்திருந்த தெர்மல் சாம்பல் தூசியைக் கழுவினபோது தண்ணீர் கறுப்பாக இறங்கியது. சின்ன வயதில் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையை உதறினால் பறக்குமே, அதே தூசி. அம்மா திட்டிக்கொண்டே மறுபடி அலசுவாள். அவள் திட்டும் சத்தம் இல்லாமல் அந்தத் தண்ணீர் இறங்கியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, கீழே வந்துவிட்டேன்.

வெளிச்சுவரின் கறுப்பு நம்பர் மட்டும் மசியவில்லை. எத்தனை பூச்சு பூசினாலும் வெயில் பட்டதும் உள்ளேயிருந்து மங்கலாகத் தெரிந்தது. பெயிண்டர் கடுப்பாகி, "எந்தக் காலத்துப் பெயிண்ட்டுங்க இது" என்றார்.

எலக்ட்ரீஷியன் தெய்வசிகாமணி மெயினை ஆஃப் செய்துவிட்டு ஸ்டூலில் ஏறி நின்றான். அந்த நேரம் பார்த்து பெல் இரண்டு தடவை அடித்தது. ஸ்டூலிலிருந்து குதித்து வாசல்வரைக்கும் போய்விட்டான்.

"அக்கா, மெயினு ஆஃப்ல இருக்கு. கரண்டே இல்ல. எப்டிக்கா அடிக்குது?"

"பக்கத்து வூட்டு அத்த சாப்புடக் கூப்புடறாங்க."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு காலண்டரைக் கழற்றி, ஒயரைத் தொடர்ந்து போய், சுவர் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அவங்க மீட்டரு கரண்டு உங்க செவுத்துல ஓடிகினு இருக்குக்கா. ஒயரெல்லாம் உரிஞ்சு கெடக்கு. ஆபத்து. வாங்கறவங்க ஒத்துக்கவும் மாட்டாங்க. கழட்டிட்டு ஓட்டைய அடச்சிடவா?"

இதுதான் இந்தக் கதையின் இடம். மற்ற ரிப்பேர்களெல்லாம் இதைச் சுற்றிப் போட்ட சாரம்.

"சாப்ட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

7

அத்தை வீட்டில் கருவாட்டுக் குழம்பு. தட்டில் போட்டுக்கொண்டே அவளே ஆரம்பித்தாள். எலக்ட்ரீஷியன் குதித்த சத்தத்திலிருந்தே எல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது.

"அத எடுத்துடு மொழி. வாங்க வர்றவங்க பயந்துக்குவாங்க. யாரோ ஒரு கெழவி காலங்காத்தால பெல்லு அடிச்சிகினு கெடந்தா யாரு வூடு வாங்குவா?"

"நீங்க தனியா இருக்கீங்களே அத்த."

"வினோலியா தெனமும் பாண்டிலேர்ந்து போன் பண்றா. சைமன் குவைத்துலேர்ந்து மூஞ்சியக் காட்றான்."

"அப்ப போன் போதுமா?"

எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், நான் வேண்டாம் என்றும்.

"போனுன்னா பேசணும் இல்ல? நல்லாயிருக்கியாம்பாங்க, நல்லாயிருக்கேன்னு சொல்லணும். மருந்து சாப்ட்டியாம்பாங்க. வாய் தொறக்கப் புடிக்காத நாளும் இருக்கும். பெல்லுல அதெல்லாம் இல்ல. அடிச்சா அடிச்சதுதான்." பிறகு, "ஆனா எடுத்துடு" என்றாள்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சகாயம்மாளை நான் அளவுக்கு மீறி நல்லவளாக எழுதிக்கொண்டிருக்கிறேனோ? அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன்: அவள் எங்கள் வீட்டு முருங்கையைக் கேட்காமல் பறிப்பாள். அம்மாவோடு ஒரு வருடம் பூராவும் பேசாமல் இருந்தாள், எதற்கு என்று இருவருக்குமே இப்போது நினைவில்லை. அந்த வருடமும் காலையில் பெல் அடித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள், ஒரு தடவை அடித்து, ஒரு தடவை பதில் அடித்துக்கொண்டார்கள்.

[இதைச் சேர்த்ததும் அவள் இன்னும் நல்லவளாகிவிட்டாள். விட்டுவிடுகிறேன்.]

தாம்பரத்துக்குப் போன் போட்டேன். அம்மா முதலில் பாத்ரூம் பூச்சு காய்ந்ததா என்று கேட்டாள். கேட்டுக்கு என்ன கலர் என்று கேட்டாள். பிறகு பெல்லைப் பற்றிச் சொன்னேன்.

"தெனமும் அடிக்கிறாளா?"

"ஆமாம்மா."

"பூட்டின வூட்டுக்கா?"

"ஆமா."

"லூசு" என்றாள் அம்மா. "எடுக்கச் சொல்றாளா அவ?"

"எடுத்துடுன்னுதான் சொல்றாங்க."

"அப்பன்னா எடுக்காத. அவ வேணாம்னா வேணும்னு அர்த்தம். குழம்பு ஊத்தறப்ப நீ வேணாம்னு சொன்னியே, நிறுத்தினாளா?"

குழம்பைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அம்மாவுக்குத் தெரிகிறது.

8

கதையை முடிக்கவேண்டும். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. நான் சகாயம் அத்தையையும் தாம்பரத்துக்கு அழைத்துப் போகிறேன். இரண்டு பெண்களும் ஒரே அறையில், ஜன்னலோரம், மாலை வெளிச்சத்தில்— இதை அத்தையிடம் சொன்னேன். "கதயில எங்க வேணாலும் கூட்டிகினு போ. நெசத்துல நான் வர்றதா இல்ல. அவரு ஓட்ட போட்ட செவுத்த வுட்டுட்டு எங்க வர்றது?" என்றாள். கதாபாத்திரமே ஒத்துழைக்காதபோது நான் என்ன செய்வது.

இரண்டாம் முடிவு. சைமன்ராஜ் குவைத்திலிருந்து யோசனை சொன்னான். ஒயரே இல்லாத பெல் வந்திருக்கிறதாம். நெய்வேலியில் அழுத்தினால் தாம்பரத்தில் அடிக்குமாம், நெட் மட்டும் இருந்தால் போதுமாம். நல்ல பிள்ளை. ஆனால் தாம்பரத்தில் பெல் அடித்து என்ன பயன்? பதில் வராத காலையில் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஓடி வரமுடியுமா? சாவியோடு அடுத்த வாசலுக்குப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த பெல்லுக்கு அர்த்தமே அந்த ஆள்தான்.

மூன்றாம் முடிவு. பழைய சுவிட்சைக் கழற்றிக் கொண்டுபோய் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பொருத்துகிறேன். எதோடும் சேராத சுவிட்ச். அம்மா தினமும் காலையில் அதை அழுத்துகிறாள். இதை எழுதி முடித்ததும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன். படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார்கள், வடக்குத்தில் ஒரு பெண் பதிலில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

நான்காவதாக, வாங்குகிறவர்களைக் கதைக்குள் கொண்டுவரப் பார்த்தேன். சங்கரலிங்கம் நிஜமாகவே ஒரு பார்ட்டியை அழைத்து வந்தார். நல்ல மனிதர்கள்தான். சந்தன நிறக் கதவைப் பாராட்டினார்கள். காலண்டரைத் தூக்கிக் காட்டி, இப்படி ஒரு பெல் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார். "இது காமன் செவுரா?" என்று கேட்டார்கள். அதோடு போனவர்கள்தான்.

"மேடம், இதெல்லாம் சொல்லவே கூடாது" என்றார் சங்கரலிங்கம். "ஓட்டைய அடச்சிட்டுப் பேசாம இருங்க. பார்ட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர்களை எழுதலாம் என்றால், எழுத எழுத அவர்கள் நல்லவர்களாகவோ கெட்டவர்களாகவோ ஆகிவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிற இளம் ஜோடி, பெல் சத்தத்தை ஆசையாக ஏற்றுக்கொள்கிறார்கள்: பொய். வந்ததும் ஒயரை வெட்டுகிறவர்: அதுவும் பொய். யாரும் வந்த அன்றைக்கே முடிவு செய்துவிடுவதில்லை. பெல் அடிக்கும். முதல்நாள் எரிச்சல் வரும். இரண்டாம் நாள் மறந்துபோகும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும், அது என் கையில் இல்லை.

அதனால் வாங்குகிறவர் என்ற பாத்திரத்தை நான் எழுதப்போவதில்லை. அந்த இடம் காலியாக இருக்கிறது. உங்களுக்குத்தான்.

9

வாருங்கள். செருப்பை அங்கேயே விடலாம்.

ரிப்பேர்கள் முடிந்துவிட்டன. பாத்ரூம் சுவரைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கும். கேட் இனிமேல் கிறீச்சிடாது. கொசுவலை புதுசு. வெளிச்சுவரில் மங்கலாக ஒரு நம்பர் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள், அது இந்த வீட்டின் நம்பர் இல்லை. சமையல் மேடை கொஞ்சம் தாழ்வு. என் அம்மாவின் உயரத்துக்குக் குவார்ட்டர்ஸில் சரியாக இருந்தது. ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவர்களின் வண்டிச் சத்தம் முதலில் தொந்தரவாக இருக்கும், பழகிவிடும். முருங்கையில் பக்கத்து வீட்டிலிருந்து பறிப்பார்கள், பழகிவிடும்.

நடுச்சுவர் பொது. அதை மறைக்கப்போவதில்லை. இரண்டு மனிதர்கள் யாருடையது என்று கேட்கத் தெரியாமல் கட்டிய சுவர் அது.

அந்தக் காலண்டர் இந்த வருடத்தது. நேற்றுத்தான் மாட்டினேன். முருகன்தான், உங்களுக்கு வேறு சாமி என்றால் மாற்றிக்கொள்ளலாம். பின்னால் இருக்கிற சுவிட்சைத் தெய்வசிகாமணி கழற்றவில்லை. நான் கழற்றச்சொல்லவில்லை. புது ஒயர் இழுத்து, ஓட்டைக்குக் குழாய் போட்டு, பாதுகாப்பாகச் செய்துவைத்திருக்கிறான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றையும் ரிப்பேர் செய்த வீடு இது. "இது எதுக்குக்கா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே செய்தான். முடித்ததும் அவனே ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு தடவை பதில் வந்தது. அவன் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மாற்றுச்சாவி ஆணியில் தொங்குகிறது. அது உங்கள் வீட்டுச் சாவி இல்லை, அத்தையுடையது. உங்கள் மாற்றுச்சாவியை அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் மதிய பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அம்மா கேட்பாள். வாங்கினவங்க எப்படிப்பட்டவங்க என்று. தெரியலம்மா, கேட்டுக்கொண்டு நின்றார்கள், முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பேன். சகாயத்துக்குப் பதில் அடிப்பாங்களா என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போவேன்.

நாளைக் காலை, நீங்கள் இன்னும் பாயில் இருக்கும்போது, அது ஒரு தடவை அடிக்கும்.

வாசலுக்கு ஓடாதீர்கள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.